பரணில் இனித்த கிழங்கு

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பூக்காரி முழம் போடும்போது பூவைப் பார்க்க மாட்டேன், அவள் முழங்கையைத்தான் பார்ப்பேன். கேஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டாமல் அந்த ஆள் எங்கள் மாடிப்படி இறங்க முடியாது. திருப்பதியில் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் சாமான் அறைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு சோதனைக் குழாய்கூட என் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை. என் வயதுக்காரர்கள் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? தலையணைக்கு அடியில்தான்.

இந்தக் குணம் எனக்குப் பெரியப்பாவிடமிருந்து வந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், சந்தையிலும் தாசில்தார் ஆபீசிலும் தெலுங்கு, பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து. பெரியம்மா நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் வெல்லப் பானை முதல் களத்து நெல் வரை எல்லாம் பெரியப்பாவின் காவல்தான். பானையில் வெல்லத்தை அழுத்தி, மேலே விரலால் ஒரு கோடு போட்டு வைப்பார். கோடு கலைந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் நிம்மதியாகச் சோறு துன்ன முடியாது. தேங்காய்க்குக்கூடக் கரிப் பொட்டு உண்டு. என் நைனா, அதாவது அப்பா, தன் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். அம்மா அதைவிட மேல், பேசவே மாட்டாள்.

எங்கள் குடும்பத்தில் சந்தேகப்படத் தெரியாமல் பிறந்த ஒரே ஆள் சித்தப்பா. லாரி ஓட்டினார். பங்காருபாளையத்து மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போவார். போன இடத்தில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிட்டு வருவார். அவருக்கு வரதய்யபாளையத்தில் பெண் பார்த்து ஆவணியில் கல்யாணம் செய்தார்கள். அந்தப் பெண்தான் என் சின்னம்மா.

சின்னம்மா வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தாள். மூடியில் இரண்டு கிளிகள், எதிரும் புதிருமாக. திறந்தால் ரசகற்பூர வாசனையும் புதுத்துணி வாசனையும் சேர்ந்து வரும். அந்தப் பெட்டி பிற்பாடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியோடு ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டு சர்க்கரைவள்ளிக் கொடியும் வந்தது. அவள் அம்மா வீட்டு மண்ணில் விளைந்தது. புது இடத்தில் ஊன்றிக்கொள்ளட்டும் என்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பெரியப்பா சாக்கைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "பொண்ணோட கொடியும் அனுப்பிகீறாங்க. எதுக்குன்னு தெரியல," என்றார். எதற்காக இருக்கும் என்று நானும் யோசித்தேன். இரத்தம் அப்படி.

மாந்தோப்பை ஒட்டி மணல் கலந்த ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் மண்ணைக் கூட்டி மேடு கட்டி, சின்னம்மா கொடியை நறுக்கி நட்டாள். புரட்டாசி மழைக்கு அது பிடித்துக்கொண்டு ஓடியது. ஐப்பசியில் மண்ணே தெரியவில்லை. இலையைக் கிள்ளினால் பால் வடியும். விரலில் ஒட்டினால் கறுத்துப்போய் இரண்டு நாளைக்குப் போகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அங்கேதான் ஓடுவேன். சின்னம்மா கொடியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். படர்ந்த இடத்திலெல்லாம் கணுவுக்குக் கணு சின்ன வேர் விட்டிருக்கும். தூக்கும்போது அவை பட் பட்டென்று அறுந்து வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

"ஏன் சின்னம்மா அறுக்கற?"

"இங்கங்க வேர் உட்டா இங்கங்கயே சத்த இழுத்துக்கும்மே. அடில இருக்கற கெழங்குக்கு ஒண்ணும் போவாது. எங்க வூட்ல எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க."

தோப்பில் மாமரத்தடியில் நின்றுகொண்டு பெரியப்பா இதை நாள் தவறாமல் பார்த்தார். ஒரு நாள் நைனாவிடம் கேட்டார்: "தெனம் கொடியத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு கீறாளே, அடில இன்னா தேடறா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இனி நடந்தது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது. கணவனின் அண்ணனோடு பெண் நேருக்கு நேர் பேசக் கூடாது எங்கள் வீடுகளில். அவரும் பேச மாட்டார். ஒரே கூடத்தில் ஆறடி தூரத்தில் இருப்பார்கள். அவர் என்னிடம் சொல்லுவார், நான் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் என்னிடம் சொல்லுவாள், நான் அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கும், ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு. அந்த வேலைக்கு எனக்கு அவ்வப்போது ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும்.

பொங்கல் வந்தது. அதுவரை படையலுக்குக் கிழங்கு புத்தூர்ச் சந்தையிலிருந்துதான் வரும். "கெனுசு கட்ட, கெனுசு கட்ட" என்று தெலுங்கில் கூவி, கோணி விரித்துக் குவித்திருப்பார்கள். தேன் மாதிரி இருக்கும். அந்த வருடம்தான் முதல்முதலாகச் சொந்தக் கிழங்கு. சொந்த நிலத்தில் விளைந்தது என்றால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படையல் அன்றைக்குக் காலையில்தான் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும். முந்தின நாள் எடுத்தால் அது பழையது, சாமிக்கு ஆகாது. விலைக்கு வாங்கினதுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அது யார் கையில் எப்போது பட்டதோ.

பொங்கலன்று பொழுது விடிய, பனியில் நைனாவும் அம்மாவும் சின்னம்மாவும் தோண்டினார்கள். ரோஸ் நிறத்தில், மண் ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக வந்தது. பெரியப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியதாகப் பொறுக்கி மூங்கில் தட்டில் அடுக்கினார். கோணல் மாணலும் பொடிசுமாக மிஞ்சியதைச் சின்னம்மா ஒரு கூடையில் வாரி, மாட்டுக்கு ஆகும் என்று பரணில் வைக்கோலுக்கு நடுவில் வைத்தாள். எல்லார் கண் முன்னாலும்தான் வைத்தாள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பானையில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கிழங்கைப் போட்டு அவசரமாக வேகவைத்தார்கள். படைத்து, கற்பூரம் காட்டி, பெரியப்பா முதல் துண்டை வாயில் போட்டார். மென்றார். நின்றார்.

"சப்புனு கீது," என்றார்.

நைனா ஒரு துண்டு போட்டுக்கொண்டார். நானும். வெறும் மாவு. நார் இல்லை, கசப்பில்லை, இனிப்பும் இல்லை. அம்மா கைநிறைய வெல்லம் அள்ளிக்கொண்டு வந்தாள். பெரியப்பா அவள் கையைத்தான் பார்த்தார், எவ்வளவு எடுத்தாள் என்று.

அன்றைக்குச் சின்னம்மாவின் அண்ணன் பொங்கல் சீர் கொண்டு வந்திருந்தான். கரும்பு, அரிசி, ஒரு புடவை. சாயங்காலம் திரும்பும்போது வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அம்மாதான் ஒரு பையில் கிழங்கு போட்டுக் கொடுக்கச் சொன்னாள். பை கனமாக இருந்தது. அவன் தோளை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நடந்ததை நானும் பார்த்தேன், பெரியப்பாவும் பார்த்தார்.

மறுநாள் விசாரணை. பெரியப்பா கூடத்தில் நாற்காலியில். சின்னம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால், புடவை விளிம்பு மட்டும் தெரிந்தது. நடுவில் நான்.

"ஏமே, உன் சின்னம்மாவக் கேளு. அவங்கம்மா வூட்ல இந்தக் கெழங்கு இனிக்குமா?"

கேட்டேன். "இனிக்கும்னு சொல்லு," என்றாள்.

"அதே கொடிதானே இது?"

"அதேதான்னு சொல்லு."

"அப்ப நடுவுல இனிப்பு எங்க போச்சு? நிஜங்கா செப்பமனு. உண்மையச் சொல்லச் சொல்லு."

நான் கதவுப் பக்கம் திரும்பும் முன்பே, பெரியப்பா என் பக்கம் குனிந்து, ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்: "மண்ணுக்குள்ள நல்லது எதுன்னு அவளுக்குத்தான் தெரியும். தெனம் தூக்கிப் பாத்தவ அவ. நல்லத அண்ணன்காரன் பையில போட்டுட்டு, சத்து இல்லாதத சாமிக்கு வெச்சிகீறா."

சித்தப்பா அப்போதுதான் லோடு இறக்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அப்படியே ஈரக்காலோடு உள்ளே வந்தார். "எம் பொண்டாட்டி எடுக்கல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன், எப்படி என்று எதுவும் பேசவில்லை. அவருக்கு அது போதும் போலிருந்தது.

பெரியப்பாவுக்குப் போதவில்லை. "காணிப்பாக்கம் போலாம். குளத்துல முங்கிட்டு விநாயகர் முன்னால சத்தியம் பண்ணட்டும்," என்றார். சித்தூர்ப் பக்கத்தில் அதுதான் எங்களுக்குக் கடைசிக் கோர்ட்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் முகத்தைப் பார்த்து அளக்கிறவன்கூட, காணிப்பாக்கம் என்றால் தயங்குவான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்று பெயர்.

சின்னம்மா தயங்கவில்லை. "போலாம்னு சொல்லு," என்றாள்.

பஸ் பிடித்துப் போனோம். பேச்சைக் கடத்த ஆள் வேண்டுமே, என்னையும் கூட்டிப்போனார்கள். குளத்தில் முங்கி, ஈரப் புடவையோடு, நடுங்கிக்கொண்டு அவள் சந்நிதியில் நின்றாள். பெரியப்பா சொல்லிக்கொடுத்ததை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் சாமியைப் பார்த்துச் சொன்னாள்: "நல்ல கெழங்குன்னு ஒண்ணக்கூட நான் எடுத்து வெக்கல. வெச்சிருந்தா என் வயிறு வெளங்காம போவட்டும்."

கடைசி வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது. சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெரியப்பா மட்டும் திருப்தியாக எனக்குப் பொரி உருண்டை வாங்கிக் கொடுத்தார். வரும் வழியில், "உன் சின்னம்மாவ ஜன்னல் பக்கம் உக்காரச் சொல்லு, காத்து வரும்," என்றார். அன்றைக்கு நான் கடத்திய பேச்சில் அது ஒன்றுதான் நல்ல பேச்சு.

வீடு கொஞ்ச நாள் அமைதியாக இருந்தது. மாசி பிறந்து மாமரமெல்லாம் பூ. ஒரு காலையில் அம்மா பரணில் ஏறி எதையோ தேடினாள். வைக்கோலுக்குள் அந்தக் கூடை. கிழங்கெல்லாம் லேசாகத் தோல் சுருங்கி, ஒன்றிரண்டில் சிவப்பாக முளை எட்டிப் பார்த்தது. மாட்டுக்குப் போடுமுன் எனக்கென்று சிலதை எடுத்து வெந்நீர் அடுப்புச் சாம்பலில் புதைத்தாள். தாமிரத் தவலையில் எல்லாருக்கும் தண்ணீர் காய்ந்து முடியும்வரை அது உள்ளேயே கிடந்தது.

அந்த வாசனையை நான் எப்படிச் சொல்ல! வெல்லப் பாகு அடிபிடித்த வாசனை. எடுத்துத் தட்டினால் தோல் தனியாகக் கழன்றது. உள்ளே ஈரமாக, மஞ்சளாக, நுனியில் தேன் கசிந்து கறுத்து உறைந்திருந்தது. நாக்கு சுடச் சுடத் துன்னேன். என் ஆயுசில் அப்படி ஒரு இனிப்பு அதற்கு முன்னால் துன்னதில்லை. "பெரியப்பா, பெரியப்பா, தேனாட்டம் கீது!" என்று கூவிக்கொண்டு போய் அவர் கையிலும் ஒரு துண்டு கொடுத்தேன்.

அவர் மென்றார். மென்றுகொண்டே அடுப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டைக் கீழே துப்பினார்.

"சத்தியம் பண்ணிட்டு வந்தாளே," என்றார். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணிட்டு வந்தாளே!"

அம்மா இடிந்துபோய் நின்றாள். பெரியப்பா முறையெல்லாம் மறந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்னம்மாவிடம் நேராகவே கத்தினார்: "இது யாரு வெச்சது?"

"நான்தான்," என்றாள் சின்னம்மா. அம்மா கையிலிருந்த தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மென்று முடித்துவிட்டுத் தன் வலதுகையைத் திருப்பிப் பார்த்தாள். அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததை எல்லாரும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

திருடியாக இருந்தால்கூட வீட்டில் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொய்ச் சத்தியம் செய்தவளை வைத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லை. எனக்குச் சுரம் வந்தது, அவளால். பசு பால் மறுத்தது, அவளால். மாம்பூ கருகிக் கொட்டியது, அதுவும் அவளால். பெரியப்பா மணல் துண்டை உழுது கொடியைப் பூண்டோடு ஒழித்தார். "அவள அவங்கம்மா வூட்ல கொண்டுபோய் உட்டுட்டு வா," என்று சித்தப்பாவிடம் சொன்னார்.

சித்தப்பா கொண்டுபோய் விடத்தான் போனார். திரும்பி வரவில்லை. நிலத்தில் பங்கு வேண்டாம், அண்ணனும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு வரதய்யபாளையத்திலேயே மாமனார் வீட்டுப் பக்கத்தில் ஓலை வீடு போட்டுக்கொண்டார். "எம் பொண்டாட்டி எடுக்கல" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்காக மனுஷன் சொத்தை விட்டுவிட்டுப் போனார். வடிகட்டின முட்டாள் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்தவள்தான்.

இனிப் போன சங்கராந்திக்கு நடந்த கதைக்கு வருகிறேன். மகன் பெங்களூரில், நான் இங்கே திருப்பதியில் தனியாக. வேலைக்கு வரும் பெண் பண்டிகைக்குக் குடுபல்லிக்குப் போய்விட்டாள். தள்ளுவண்டிக்காரனிடம் கிழங்கு வாங்கினேன். "இப்பத்தான் தோண்டினது, மண்ணு பாருங்கம்மா," என்றான். குக்கரில் வைத்தேன். சப்பென்று இருந்தது. ஏமாற்றிவிட்டான், படுபாவி! மிச்சத்தை அவன் முகத்திலேயே விட்டெறிய வேண்டும் என்று ஒரு கூடையில் எடுத்து வைத்தேன். பண்டிகை முடிந்தும் அவன் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. வாரங்கள் போய், வீணாகிறதே என்று அந்த மிச்சத்தைச் சின்னத் தணலில் இரும்புச் சட்டியில் மூடி வைத்துச் சுட்டேன்.

தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? வேலைக்காரப் பெண் மாற்றி வைத்துவிட்டாள். அப்புறம்தான் அவள் ஊரிலிருந்து திரும்பவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. கதவுக்கு ஒரே சாவி. அது என் கழுத்துச் சங்கிலியில். சந்தேகப்பட ஆளே இல்லாமல் சமையலறையில் நின்றேன், பெரியப்பாவின் குரல் மட்டும் காதில் கேட்டது.

மறுநாள் காலை நடையில், என்னோடு அதே கல்லூரியில் தாவரவியல் நடத்திய தோழியைப் பிடித்தேன். "இதில் என்ன மர்மம்?" என்றாள். இலை பகலில் சர்க்கரை செய்து கீழே அனுப்புகிறது. சர்க்கரையை அப்படியே சேர்த்து வைக்க முடியாது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால் கிழங்கு அதைக் கோத்துக் கோத்து மாவாக்கி அடுக்குகிறது. மாவுக்கு ருசி இல்லை. தோண்டி எடுத்த பிறகும் கிழங்கு சாவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முளைக்க வேண்டுமே என்று மாவை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக உடைக்கிறது. மெதுவாகச் சுட்டால் மிச்சமும் உடையும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் உடைக்கிற சரக்கு அதற்குள் வெந்து செத்துவிடும். "அன்றைக்கே தோண்டி அன்றைக்கே வேகவைத்தால் எந்த மகாராஜா வீட்டுக் கிழங்கும் சப்பென்றுதான் இருக்கும்," என்றாள். சின்னம்மாவின் அம்மா வீட்டில் எங்கள் சட்டம் கிடையாது, அங்கே அது இருந்து இனித்திருக்கும்.

எத்தனையோ வருடம் உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் விட்டு, நீலக் கறுப்பாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட, பாட்டிலை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அந்தக் கறுப்புக்கு உள்ளே சர்க்கரை படுத்திருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. பாட்டில் திரும்பி வந்ததா என்பதுதான் என் கவலை.

தோழி சொன்னதையும் நான் நம்பிவிடவில்லை. வேறொரு கடையில் கிழங்கு வாங்கி, அன்றைக்கே பாதியை வேகவைத்துத் துன்னு பார்த்து, மீதியைப் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வாரங்கள் கழித்துத் திறந்து சுட்டேன். அதன்பிறகுதான் வரதய்யபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

கல்யாணம், சாவு என்று சின்னம்மாவை நடுநடுவே பார்த்ததுண்டு. இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை. பிள்ளை குட்டி கிடையாது. சித்தப்பா போய்ச் சில வருடம் ஆகிறது. ரோட்டோரம் ஒரு ஷீட் வீட்டில் இருந்தாள், வாசலில் ஸ்ரீசிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்கள் தூசி கிளப்பிக்கொண்டு போயின. நான் சொல்லச் சொல்ல, முதலில் ஏதோ ஊர்க்கதை கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப நான் பரணுல வெச்சதும் மத்த கெழங்கும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சின்னம்மா. இருந்து இருந்து இனிச்சது. யாரும் எடுக்கல, யாரும் மாத்தல."

"நெசமாவா? என் கைக்கு நல்லது தெரிஞ்சி, எனக்கே தெரியாம பொறுக்கி வெக்கலியா?"

எனக்குப் புரியவில்லை. "நீ அப்படியா நெனச்சிக்கினு இருந்த?"

"துன்னு பாத்தனே. தேனாட்டம் இருந்துச்சே. வேற இன்னா நெனைக்கறது? நல்லத எடுக்கலன்னு சாமி முன்னால சொன்னேன், வயித்து மேல ஆண வெச்சேன். எடுத்துகீறேனே." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "ரெண்டாவது வாட்டியும் வயித்துல நிக்காம போனப்ப, உங்க சித்தப்பா கால்ல வுயுந்தேன். நான்தான் எடுத்தேன், பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன், அதான் நமக்குப் புள்ள தங்கலன்னு சொல்லிட்டேன்."

"சித்தப்பா என்ன சொன்னாரு?"

"மொகத்த அந்தாண்ட திருப்பிக்கினாரு. அப்பறம் மன்னிச்சிட்டேன்னு தூக்கி வுட்டாரு. கடசி வரிக்கும் ஒரு வார்த்த சொல்லிக் காட்டல, மே. ஒரு வார்த்த."

வாசலில் ஒரு பஸ் போயிற்று. அது போகும்வரை இருந்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, நான் வந்ததிலிருந்து முதல்முறையாக அழ ஆரம்பித்தாள்.

"அவரு ஒருத்தருதான் என்ன நம்பினாரு. அவருகிட்டயே நான் திருடின்னு சொல்லிட்டேனே," என்றாள். "இப்ப யாரு போயி அவருகிட்ட சொல்றது?"